எஸ்தரிடம் நான் கேட்ட ஒரு வருஷம்

நம் ஆபீஸ் பயிற்சியின் மூன்றாம் நாள் உங்களுக்கு ஒரு நர்ஸின் கதையைச் சொல்லியிருப்பார்கள். நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு மேல் சேமித்தவர். தேவையான தொகை சேர்ந்ததும் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். நிதி ஆலோசகர் அவரை ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னார். இரண்டே மாதத்தில் பங்குச்சந்தை விழுந்தது. ஆலோசகரின் நிதானம் வாடிக்கையாளரைக் காப்பாற்றியது. கதை அங்கே முடியும், நீங்கள் குறிப்பெடுத்துக்கொள்வீர்கள்.

அந்த ஆலோசகர் நான்தான். அந்தக் கதையை அப்படிச் சொல்லிப் பழக்கியதும் நான்தான். மும்பை மாட்டுங்கா ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தபிறகு, அதில் சொல்லாமல் விட்ட பகுதியை உங்களுக்கு எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். இதை என்னால் இங்கிலீஷில் எழுத முடியவில்லை. மெதுவாக வாசியுங்கள்.

நர்ஸை எஸ்தர் என்று சொல்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை. எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன், கொடுத்தார்.

முதல் தடவை வந்தபோது அவருக்கு முப்பத்துநாலு வயது. பிறந்து வளர்ந்தது தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா தோல் பட்டறையில் வேலை செய்தவர். அவர் போனபிறகு தங்கையின் கல்யாணம், தம்பி சாமுவேலின் படிப்பு எல்லாம் எஸ்தரின் தலையில். மஸ்கட்டில் ஆறு வருஷம் இருந்து அத்தனையையும் முடித்துவிட்டு, மிஞ்சிய காசில் நவி மும்பை கோபர்கைரனேயில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். திரும்பி வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணப் பேச்சு வீட்டில் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"நாப்பத்தஞ்சு வயசுல வேலைய விடணும் மேடம். அதுக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க" என்றார். உட்காரும் முன்பே கேட்டார்.

"விட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"தூங்கணும்." கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் நீச்சல் படிக்கணும். தண்ணில மிதந்தா உடம்புல எடையே தெரியாதுன்னு ஒரு பேஷன்ட் சொன்னாவ. நான் மத்தவங்களத் தூக்கித் தூக்கியே இடுப்பு போச்சு மேடம். ஒரு நாளாவது எடை இல்லாம இருந்து பாக்கணும்."

எல்லோரும் சொல்வது போல உலகம் சுற்ற வேண்டும், விவசாயம் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

அவருக்கு நான் போட்டுக் கொடுத்தது உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். ஒரு வருஷச் செலவைப் போல முப்பது மடங்கு. அதற்கு மேல், சந்தை எப்படிப் போனாலும் தொடத் தேவையில்லாதபடி இரண்டு வருஷச் செலவு தனியாக வங்கியில். ஆஸ்பத்திரி கொடுக்கும் இன்ஷூரன்ஸை நம்பாமல் சொந்தமாக ஒன்று. வீட்டு வாடகை இல்லை, பிள்ளை குட்டி இல்லை, அதனால் எண் சின்னதாக வந்தது. ஏன் சின்னதாக வந்தது என்று அப்போது நான் நின்று பார்க்கவில்லை. செலவுப் பட்டியலில் ஒரு மனிதர்கூட இல்லை. எதிர்காலத்தில் யாரும் வரப்போவதும் இல்லை என்று நாங்கள் இருவருமே எழுதாமல் ஒப்புக்கொண்டிருந்தோம்.

லீவு நாட்களில் வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு அதிலும் சம்பாதித்தார். ஒரு மாதம்கூட சேமிப்பு தவறவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை ஆபீஸுக்கு வருவார். என்னிடம் அதைவிட ஒழுங்கான வாடிக்கையாளர் இருந்ததில்லை.

ஆறாவது வருஷம் சாமுவேல் அக்காவிடம் நாலு லட்சம் கேட்டார். வடாலாவில் ஒரு வீட்டுக்கு முன்பணம். தாராவி ஒற்றை அறையில் மனைவி, இரண்டு பெண்களோடு இருந்தார். எஸ்தர் மறுநாளே என்னிடம் வந்தார்.

"குடுத்தா எத்தன வருஷம் தள்ளும்?"

"ஒன்றரை வருஷம் தள்ளும்."

"அவன்ட்ட என்ன சொல்ல? தூக்கி வளத்த பையன்."

நான் சொன்னதை நீங்களும் ஒருநாள் சொல்வீர்கள், ஏனென்றால் நம் தொழிலில் எல்லோரும் சொல்கிறோம். "என்மேல போட்டுடுங்க. மேடம் எடுக்க விடமாட்டேங்கறாங்கன்னு சொல்லிடுங்க."

அவர் அப்படியே சொல்லிவிட்டார். சாமுவேல் அதைக் கேட்ட விதம் வேறு. சொந்தத் தம்பியை விட ஊர்பேர் தெரியாத ஒரு பொம்பளை பேச்சு அக்காவுக்குப் பெரிதாகிவிட்டது என்று புரிந்துகொண்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. எஸ்தரின் செலவுப் பட்டியலில் துணிமணி, பரிசு என்று இருந்த ஒரே வரியும் அடுத்த வருஷம் காணாமல் போனது. அந்த வருஷம் அவர் இலக்கை முந்திவிட்டார் என்று நான் பாராட்டினேன்.

கொரோனா வந்த அதே வருஷத்தின் ஜனவரி, ஊரடங்குக்கு இரண்டு மாதம் முன்பு. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எஸ்தர் வந்தார். கைப்பையில் இரண்டு காகிதங்கள். ஒன்று ராஜினாமாக் கடிதம். இன்னொன்று செம்பூரில் இருக்கும் நீச்சல் குளத்தின் உறுப்பினர் படிவம், நிரப்பி, போட்டோ ஒட்டி.

திரையைத் திருப்பிக் காட்டினேன். முப்பது மடங்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சிறு தொகை கூடுதலாகவும் இருந்தது. வங்கியில் இரண்டு வருஷச் செலவு தனியாக இருந்தது. நான் பதினோரு வருஷத்துக்கு முன் வரைந்து கொடுத்த படம், ஒரு கோடு பிசகாமல் முடிந்திருந்தது.

என்னை வேலைக்கு எடுத்த பெரியவர் ஒருவர் ஆரம்ப நாட்களில் சொன்ன ஒன்றை நான் வேதம் மாதிரி வைத்திருந்தேன். வாடிக்கையாளர் பயப்படும்போது நீ பயப்படாதே, அவர் பயப்படாமல் இருக்கும்போது நீ பயப்படு என்பார். எஸ்தர் எதிரே துளி பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் பயமாக இருந்தது. நான் அதை அனுபவத்தின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

"எஸ்தர், மார்க்கெட் ரொம்ப நாளா ஏறிக்கிட்டே இருக்கு. நமக்குக் கையில மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான். இன்னும் ஒரு வருஷம் பார்த்துடலாமா?"

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நம்பர் வந்துட்டுன்னுதான மேடம் காட்டுதிய?"

"வந்துடுச்சு. இருந்தாலும் கொஞ்சம் தாராளமா இருந்தா நல்லது. உங்களுக்குப் பின்னால நின்னு தாங்க வேற யாரும் இல்லல்ல?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. அதைச் சொன்னால் வேலை செய்யும் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு வருஷம்னா ஒரு வருஷந்தானே? பெறவு தள்ளக் கூடாது" என்றார். இரண்டு காகிதங்களையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மார்ச்சில் சந்தை விழுந்ததைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கு வந்தது, லோக்கல் ரயில் நின்றது. எங்கள் மேலாளர் எல்லோரும் இருந்த ஒரு வீடியோ கூட்டத்தில் எஸ்தரின் கோப்பைக் காட்டி, இதுதான் முன்யோசனை என்பது, இதைப் பாருங்கள் என்றார். நான் சிரித்தேன். அந்தக் கூட்டம் முடிந்த அரைமணி நேரத்தில் எஸ்தரிடமிருந்து போன்.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு மேடம். நியூஸ்ல பாத்தேன்."

பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தம்.

"எங்க இருக்கீங்க?"

"வார்டுல. கொரோனா வார்டு ஆக்கிட்டாங்க. வீட்டுக்குப் போயி ஒம்பது நாளாச்சு. இங்கயே ஒரு லாட்ஜ்ல போட்டிருக்காங்க."

"எஸ்தர், வேலைய விட்டுடுங்க. நான் சொல்றேன், இப்பவே எழுதிக் குடுங்க."

"இப்ப எப்படி விட? ஆறு பேர் இருந்த இடத்துல மூணு பேர் நிக்கோம்." குரலில் கோபம் இல்லை. "ஜனவரின்னா விட்டிருக்கலாம். இப்ப விட்டா அது ஓடுதது."

மே மாதம் ஒரு மதியம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் இந்தியில் பேசினார். எஸ்தரோடு வேலை செய்பவர். எஸ்தருக்குத் தொற்று வந்து ஆறு நாள் ஆகிறது, இன்று காலையிலிருந்து மூச்சு மோசம், வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருக்கும், நெருங்கிய சொந்தம் ஒருவர் டாக்டரிடம் பேசிச் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார். என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவசரத் தொடர்புக்கு எஸ்தர் கொடுத்திருந்தது என் எண். உறவு என்ற இடத்தில் 'மேடம்' என்று எழுதியிருந்தாராம்.

எனக்குச் சம்மதம் சொல்ல உரிமை இல்லை. சாமுவேலின் எண் பழைய கோப்பில் இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் முன்பு எஸ்தர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார், தன்னைப் பற்றி எதுவும் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று. வாடிக்கையாளரின் எழுத்து நமக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு இப்போது பாடம் நடத்தியிருப்பார்கள். மேலாளரைக் கூப்பிட்டால் சட்டப்பிரிவைக் கேட்கச் சொல்வார். நான் யாரையும் கூப்பிடவில்லை. செம்பூரில் என் வீட்டுச் சமையலறையில் கால் மணி நேரம் நின்றேன். அதுவே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு சாமுவேலைக் கூப்பிட்டேன்.

"யாரு பேசுதது?"

"நான் உங்க அக்காவோட பணத்தைப் பார்த்துக்கறவ. மாட்டுங்காவுலேர்ந்து."

"நீங்கதானா அது" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ஆறு நாளா அவ கெடக்கா. எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்."

"எனக்கும் இப்பதான் சொன்னாங்க, தம்பி."

"எங்க தாராவிச் சந்து முழுக்க அடச்சிப் போட்டிருக்கான். மூங்கில் கட்டி போலீஸ் நிக்கான். நான் எப்படி வர?" உடனே பேனா கொண்டுவரச் சொல்லி யாரிடமோ கத்தினார். "டாக்டர் நம்பரக் குடுங்க. நான் பேசுதேன்."

எண்ணைக் கொடுத்தேன். வைக்கும் முன் சொன்னார், "அன்னைக்கு அவ துட்டு இல்லன்னப்ப நான் அவளத்தான் வஞ்சேன் மேடம். ஒங்கள வஞ்சிருக்கணும்."

"ஆமா" என்றேன்.

எஸ்தர் இருபத்துமூன்று நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். தினமும் மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சாமுவேலுக்குச் சொல்வார்கள், நாலேகாலுக்கு அவர் எனக்குச் சொல்வார். முகம் பார்த்திராத இருவர், ஒரே ஆளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். இன்னைக்கு கண்ணத் திறந்தாளாம். இன்னைக்கு இல்லயாம். அவ்வளவுதான். அந்த நாட்களில் நான் வேறு யாரிடமும் அதிகம் பேசியதாக நினைவில்லை.

பிழைத்தார். ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்துக்கொண்டு பல மாதம் இருந்தார். சொன்ன கெடுவான ஜனவரியில், மடித்து வைத்திருந்த அதே கடிதத்தில் தேதியை மட்டும் அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். நீச்சல் குளம் திறந்தபிறகு டாக்டரைக் கேட்டார். மூழ்கக் கூடாது, ஓரமாக நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் ஒருநாள் போய் இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சாமுவேல் கொஞ்ச காலம் தினமும் வந்து போனார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு பண்டிகைக்கு. யாரும் சண்டை போடவில்லை. ஆறு வருஷம் பேசாமல் இருந்ததை இருபத்துமூன்று நாளில் ஈடுகட்டிவிட முடியாது போலிருக்கிறது.

பயிற்சி வகுப்பில் சொல்லாமல் விட்டதற்கு இப்போது வருகிறேன். சந்தை அந்த வருஷம் முடிவதற்குள்ளாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள் ஆபீஸில் உட்கார்ந்து, எஸ்தர் அந்த ஜனவரியிலேயே வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. வங்கியில் தனியாக இருந்த இரண்டு வருஷச் செலவில் பாதியைக்கூட அவர் தொட்டிருக்க மாட்டார். அதற்குள் சந்தை திரும்பிவிட்டது. அப்படி ஒரு சரிவு வந்தால் தாங்குவதற்காகத்தான் அந்தப் பணத்தை நானே ஒதுக்கச் சொல்லியிருந்தேன். நான் கட்டிய பாலத்தின் மேல் அவர் காலை வைக்க வந்தபோது, கட்டிய நானே தடுத்தேன்.

பின்னால் தெரிந்ததை வைத்துப் பேசுவது சுலபம், சந்தை திரும்பாமல் போயிருந்தால் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அது நடக்கக்கூடும் என்று வைத்துத்தான் முப்பது மடங்கு என்று போட்டோம், இருபது என்று போடவில்லை. ஓர் எண்ணைச் சொல்லி ஒருவரைப் பதினோரு வருஷம் நடக்க வைத்துவிட்டு, அங்கே வந்து சேர்ந்ததும் எண்ணை நகர்த்தக் கூடாது. நகர்த்துவதாக இருந்தால் அதற்கு ஒரு புதிய காரணம் கையில் இருக்க வேண்டும். அன்று என்னிடம் காரணம் எதுவும் இல்லை, பயம் மட்டும் இருந்தது. அந்தப் பெரியவர் எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

கணக்குப் போட்ட அடுத்த சனிக்கிழமை எஸ்தரைப் பார்க்கப் போனேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் நான் போன் செய்துகொண்டிருந்தேன். இதைப் போனில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். செம்பூரில் ரயில் ஏறி வாஷியில் மாறி கோபர்கைரனேயில் இறங்கினேன். எஸ்தர் டீ போட்டார். அடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நான் எழுந்தபோது கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தைக்கூட எடுத்துக் காட்டினேன்.

"தெரியும் மேடம்" என்றார். "நானும் அப்பவே போட்டுப் பாத்தேன். நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதான."

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேட்டா நீங்க சங்கடப்பட்டு, போன் பண்ணுதத நிப்பாட்டிருவியன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழம எனக்கு வேற போன் வராது."

நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நீங்க எப்ப வேலைய விடப் போறிய?" என்று அவரே பேச்சை மாற்றினார். "ஒங்க நம்பர் இன்னும் வரலையா?"

"வந்து மூணு வருஷம் ஆச்சு."

ஒரு நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "அப்ப எங்கிட்ட ஒரு வருஷம் பொறுங்கன்னு சொன்னப்பவே வந்துட்டு."

"ஆமா."

"பெறவு என்னத்துக்கு ஆபீஸுக்குப் போயிட்டிருக்கிய?"

இதற்கு நான் பலரிடம் பல பதில்கள் சொல்லியிருக்கிறேன். விலைவாசி, மருத்துவச் செலவு, இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று. அம்மா போனபிறகு செம்பூர் வீட்டில் நான் மட்டும்தான்.

"வீட்ல யாரும் இல்ல, எஸ்தர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அடுத்த மாதம் நானும் கடிதம் கொடுத்தேன். மேலாளர் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொன்னார், இல்லை என்றேன். பணத்தில் இதுவரை குறை வரவில்லை, வராது என்றுதான் கணக்கு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரில் யாராவது ஒருவர் போன் செய்துவிடுகிறோம். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. குளத்தில் அன்று கூட்டமா, தண்ணீர் குளிர்ந்திருந்ததா என்று கேட்பேன். சில சமயம் அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருப்பேன். போனை வைக்கும்போது பத்தரை மணிதான் ஆகியிருக்கும். அதன் பிறகு அந்த நாள் முழுக்க அப்படியே மிச்சம் இருக்கும்.